பழைய கேசட்டில் ஒரு வானொலிக் கச்சேரி: கணினிக்கு மாற்றுவது எப்படி?

நாட்டுப்புற இசைக் கச்சேரி ஒன்று வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகிறது. வீட்டில் யாரோ அதைக் கேசட்டில் பிடித்து வைக்கிறார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கேசட் உங்கள் கைக்கு வருகிறது. டேப்பை அழித்துத் திரும்பப் பயன்படுத்துவது நிலையங்களில் வெகுகாலம் சாதாரணமாக நடந்ததுதான். அதனால் உங்களிடம் இருப்பதே கடைசிப் பிரதி என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

வேண்டியவை: நல்ல நிலையில் உள்ள கேசட் டெக், லைன் இன் (டெக்கின் ஒலியை வாங்கும் துளை) வசதியுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் பெட்டி), கணினி, இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி. நேராக யூஎஸ்பியில் செருகும் மலிவான சின்ன பிளேயர்கள் வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் வேகம் ஒரு சீராக இருக்காது.

1. கேசட்டைப் பாருங்கள்

பின் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளும் இன்னும் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது. டேப்புக்குப் பின்னால் சிறிய பஞ்சுத் திண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்துவிட்டால் ஒலி மங்கும். அப்போது டேப்பை வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

2. டெக்கைத் துடையுங்கள்

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு, ஹெட்டையும் (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) கேப்ஸ்டனையும் (டேப்பை நகர்த்தும் உலோகத் தண்டு) பழுப்பு நிறம் ஒட்டாமல் வரும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

3. ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் ஒலியில் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பதிவுசெய்த டெக்கின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே சாய்வில் இருக்காது. அதனால் ஜால்ரா, கம்பி வாத்தியம் போன்றவற்றின் கூர்மையான ஒலிகள் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கிக் கேட்கும். இரண்டு சேனல்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே, ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகைக் கால் சுற்றுக்குள்ளாக மெல்லத் திருப்புங்கள். கைதட்டல் ஒலிக்கும் பகுதி இதற்கு வசதி, ஏனென்றால் கூர்மை கூடுவதும் குறைவதும் அதில் உடனே பிடிபடும். எந்த இடத்தில் ஒலி மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அடுத்த பக்கத்துக்குத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிவுசெய்தார்களா என்பது அட்டையில் இருக்கலாம். இல்லையென்றால் போட்டும் போடாமலும் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

4. பதிவுசெய்யுங்கள்

ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்ஏ, மாதிரி வீதம் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பது) குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு அளவின் நுணுக்கம் 24 பிட் என்கிறது. 96 இருந்தால் நல்லது. என்னைக் கேட்டால், வானொலியிலிருந்து பிடித்த கேசட்டுக்கு 48 போதும். அதில் 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகும், எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பிலோ 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசையே வராது. இந்த அளவில் 45 நிமிடப் பக்கம் ஒன்று ஏறக்குறைய 780 எம்பி வேவ் கோப்பாக வரும்.

ஒலி அளவைப் பாட்டை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். நேரடிக் கச்சேரியில் பாட்டைவிடக் கைதட்டல் எகிறும். அதன் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, ஒரு பக்கம் முழுவதையும் நடுவில் நிறுத்தாமல் பதிவுசெய்யுங்கள்.

5. வேகத்தைச் சோதியுங்கள்

பாட்டு வழக்கத்தைவிட மேலே கேட்கிறதென்று சுருதியை நீங்களாகவே இறக்கிவிடாதீர்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் பாடுபவரின் குரலுக்கோ ஒரு குழலுக்கோ சுருதி சேர்த்திருப்பார்கள். மேற்கத்திய இசையில் பொதுவாக வைக்கும் 440 ஹெர்ட்ஸ் சுருதிக் கணக்கு அங்கே செல்லாது. அதைவிட நம்பகமான சாட்சி வானொலியே தருவது. நிகழ்ச்சிக்கு முன்போ பின்போ மணி அறிவிக்கும் பிப் ஒலி பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். பிபிசி 1924 முதல் ஒலிபரப்பும் பிப்கள் 1000 ஹெர்ட்ஸில், ஒரு நொடி இடைவெளியில் வருபவை. ஆடாசிட்டியின் அதிர்வெண் வரைபடத்தில் அது 1020 என்று காட்டினால், டேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். மற்ற நிலையங்களின் பிப் வேறு அதிர்வெண்ணில் இருக்கலாம், ஆனால் ஒரு நொடி இடைவெளியை அளந்தும் கணக்குப் போடலாம்.

6. மூலக் கோப்பைத் தொடாதீர்கள்

பதிவான கோப்பை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பாட்டுகளுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசுவதையும், சுருதி சேர்க்கும் சத்தத்தையும், யாரோ இருமுவதையும் வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். யார் பாடுகிறார், எந்த ஊர்ப் பாட்டு, எந்த வாத்தியம் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கும். பல பதிவுகளுக்கு வேறு ஆதாரமே கிடையாது. பாட்டு தொடங்கும் இடங்களில் லேபிள் மட்டும் போட்டு வைத்தால் போதும்.

இரைச்சல் நீக்கியையும் அளவாகப் பயன்படுத்துங்கள். அதற்கு இரைச்சல் மட்டுமே உள்ள மாதிரித் துண்டு வேண்டும். கச்சேரி அரங்கத்தில் முழு அமைதி என்பது ஏது? அரங்கத்தின் முணுமுணுப்பை மாதிரியாகக் கொடுத்தால், ஸ்வரம் அடங்கும் வாலும் சேர்ந்து போய்விடும். 6 டெசிபலுக்கு மேல் குறைக்க நான் துணிவதில்லை.

கேசட்டைத் திருப்பிப் போட்டபோது பாட்டு அறுந்திருந்தால், ஒட்டி மறைக்காமல் குறித்து வையுங்கள்.

7. குறிப்பும் பிரதியும்

ஒரு எழுத்துக் கோப்பில் நிலையம், நாள், அறிவிப்பாளர் சொன்ன பெயர்கள், பயன்படுத்திய டெக், டால்பி நிலை எல்லாவற்றையும் எழுதுங்கள். சரியாகக் காதில் விழாத பெயருக்குக் கேள்விக்குறி போடுங்கள். கேசட் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு இடத்தில்.

8. இணையத்தில் ஏற்றும் முன்

பாட்டு மரபுப் பாடலாக, ஆசிரியர் தெரியாததாக இருக்கலாம். ஆனாலும் பாடிய கலைஞருக்கும் ஒலிபரப்பிய நிலையத்துக்கும் தனி உரிமை உண்டு. 1961-ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையே இதைச் சொல்கிறது. கேசட் உங்களுடையது என்பதால் பதிவின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. முதலில் நிலையத்தின் காப்பகத்துக்கு எழுதுங்கள். ஒலிபரப்பான நாளையும் நிகழ்ச்சியின் பெயரையும் குறிப்பிட்டு, ஓரிரு நிமிடத் துணுக்கையும் இணைத்தால் அவர்களுக்குத் தேடுவது எளிது. பதில் வரும்வரை மூலக் கேசட்டை நன்றாகச் சுற்றி, ஈரமும் காந்தமும் இல்லாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.