கடல் தண்ணீரில் ஓடிய ஜீப்: முன்சக்கர பேரிங் மாற்றும் முறை

2017இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறக்கும் வரை தனுஷ்கோடி மணலிலும் அலைத் தண்ணீரிலும் ஆள் ஏற்றி ஓடிய ஜீப்புகள் எங்கள் பக்கம் நிறைய. என்னுடைய மகிந்திரா ஃபோர் வீலும் அதில் ஒன்று. போன மாதம் மண்டபம் தாண்டும்போது இடது முன்சக்கரம் உறும ஆரம்பித்தது.

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் முளை) பக்கம் பார்க்க வேண்டும்.

சக்கரம், ஸ்னாப் ரிங், ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றி, லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு இரண்டு நட்டையும் எடுங்கள். தயவுசெய்து உளி வைத்துத் தட்டாதீர்கள், பெரிய பாக்ஸ் ஸ்பானர் ஒன்று வாங்கிவிடுங்கள். பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஹப்பை, அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பாகத்தை, இழுக்கும்போது வெளி பேரிங் கீழே விழும், ஒரு கை கொடுங்கள். எனக்கு உள்ளே கிரீஸ் மோர் நிறத்தில் இருந்தது; தண்ணீர் புகுந்ததற்கு அதுவே சாட்சி. டீசலில் கழுவிப் பாருங்கள், ரோலரில் குழியோ நீலம் பாய்ந்த தடமோ இருந்தால் கப்பையும் (ஹப்புக்குள் இறுக்கமாக உட்காரும் பேரிங்கின் வெளிவளையம்) சேர்த்தே மாற்ற வேண்டும், பழைய கப்பில் புது ரோலர் போட்டால் சீக்கிரமே போய்விடும்.

நான் மாட்டிக்கொண்டது புது கப்பை ஹப்புக்குள் இறக்குவதில்தான். இறங்கிவிட்டது என்று நினைத்து மூடினேன், பாம்பன் போய்த் திரும்புவதற்குள் மறுபடி லொடலொட. ஒரு பக்கம் தாள் கனத்துக்கு இடைவெளி இருந்திருக்கிறது, ஓட ஓட கப் உட்கார்ந்து நட் தளர்ந்துவிட்டது. அதனால் பித்தளைக் கம்பியால் எதிரெதிர் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டுங்கள். முழுக்க உட்காரும்வரை 'டிங் டிங்' என்று கேட்கும், உட்கார்ந்ததும் சத்தம் கனத்து 'டொக்' என்றாகும். அப்புறம் உள்பக்கமிருந்து பிளேடு நுனியைச் சுற்றிலும் விட்டுப் பாருங்கள், எங்கேயும் நுழையக்கூடாது.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, ரோலர் இடுக்கு வழியே மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்துங்கள். நம் கடற்கரைக்கு மரைன் கிரீஸ்தான் என் தேர்வு. வீல் பேரிங் சூட்டுக்கும் ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். ஆயில் சீல் கட்டாயம் புதிது.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிடிக்க ஆரம்பித்ததும் ஆறில் ஒரு சுற்று, அதாவது நட்டின் ஒரு பட்டை அளவு தளர்த்துங்கள். வாஷர், வெளி நட் போட்டு இறுக்கியபின் திரும்பவும் ஆட்டிப் பாருங்கள், வெளி நட் இறுகும்போது அளவு மாறும்.

பின்சேர்க்கை: பழைய கப் துருவேறி அசையவே இல்லை என்று கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கப்பின் உள்சுற்றில் ஒரு வரி வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். ஆறும்போது சுருங்கித் தானாகக் கழன்று வந்துவிடும்.