இலங்கையின் அரசாங்கத் தலைவர்கள்: பட்டியல் எழுதும்போது நாம் விடும் பிழைகள்

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் அக்காவின் மகனிடம் ஒருநாள் பொது அறிவுக் கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். "1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோது நம் அரசாங்கத்தின் தலைவர் யார்?" என்றேன். "பிரேமதாச" என்று பட்டென்று சொன்னான். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டதும் கொப்பியைத் திறந்து காட்டினான். டி.எஸ். சேனநாயக்க தொடங்கி ஹரிணி அமரசூரிய வரை பிரதமர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மேலே சிவப்பு மையில் 'சுதந்திரத்தின் பின் அரசாங்கத் தலைவர்கள்' என்று தலைப்பு.

பெயர்களில் பிழை இல்லை. தலைப்பில்தான் பிழை. 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியுடன் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன. பிரதமராக இருந்த பிரேமதாச அந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாகவே எதிர்த்தவர். பிரதமர் பட்டியலை மட்டும் நம்பினால், எதிர்த்தவர் தலையிலேயே கையெழுத்தையும் கட்டிவிடுவோம்.

இந்த ஒரு பிழையிலிருந்துதான் மற்றப் பிழைகளில் பாதி பிறக்கின்றன. 1948 முதல் 1978 வரை அரசாங்கத்தை நடத்தியவர் பிரதமர். 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140ஐ வென்ற ஜே.ஆர்., முதலில் பிரதமரானார். பிறகு அரசியல் யாப்பைத் திருத்தி, 1978 பெப்ரவரி 4ஆம் திகதி நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதே ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய யாப்பின் 30ஆம் உறுப்புரை, அரசின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஜனாதிபதியே என்று ஒரே மூச்சில் சொல்கிறது. அதாவது பெப்ரவரி 4 அன்றைக்கு ஆள் மாறவில்லை, கதிரைதான் மாறியது. பட்டியல் எழுதுகிறவர்கள் அந்தத் திகதியில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோட்டுக்கு மேலே பிரதமர்கள், கீழே ஜனாதிபதிகள். இரண்டு பக்கமும் வருகிற ஒரே பெயர் ஜே.ஆர்.

இந்தக் கோடு இல்லாவிட்டால் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கணக்கும் குழம்பும். அவர் மூன்று முறை பிரதமர்: 1960–65, 1970–77, 1994–2000. முதல் இரண்டு முறையும் நாட்டின் அரசாங்கம் அவர் கையில் இருந்தது. மூன்றாம் முறை அரசாங்கத்தின் தலைவர் அவருடைய மகள் சந்திரிகா. தாய் அவர் கீழ் பிரதமர். உலகின் முதல் பெண் பிரதமர் என்ற பெருமை 1960ஆம் ஆண்டுக்குரியது. அதை 'முதல் பெண் ஜனாதிபதி' என்று மாற்றி எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். இலங்கையில் அந்த இடம் சந்திரிகாவுடையது. சந்திரிகாவும் 1994 ஓகஸ்டில் பிரதமராகி, நவம்பரில்தான் ஜனாதிபதியானார். இடைப்பட்ட அந்த மூன்று மாதமும் யாப்பின்படி அரசாங்கத் தலைவர் டி.பி. விஜேதுங்க.

சரி, 1978க்குப் பிறகு பிரதமர் பதவி வெறும் பெயருக்குத்தானா? அப்படி எழுதுவதும் பிழை. 2002 பெப்ரவரியில் விடுதலைப் புலிகளுடனான போர்நிறுத்த உடன்படிக்கையில் அரசாங்கத்தின் சார்பில் கையெழுத்திட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. ஜனாதிபதி சந்திரிகா எதிர்க்கட்சிக்காரர். நாடாளுமன்றப் பெரும்பான்மை ரணிலிடம் இருந்ததால் அன்றாட ஆட்சி அவரிடம் போயிருந்தது. ஆனால் 2003 நவம்பரில் ரணில் வாஷிங்டனில் நின்ற நேரம், பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் என்று மூன்று அமைச்சுகளைச் சந்திரிகா தன் கைக்கு எடுத்துக்கொண்டார். அடுத்த பெப்ரவரியில் நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அரசாங்கத்தின் தலைவர் யார் என்பதை யாப்புப் புத்தகத்தை விட அந்த நவம்பர் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

2015இல் வந்த யாப்பின் 19ஆவது திருத்தம் பிரதமரை அரசாங்கத் தலைவராக்கியது என்று சிலர் உறுதியாகவே எழுதுகிறார்கள். ஆக்கவில்லை. ஜனாதிபதியின் அதிகாரங்கள் சில குறைந்தன, பிரதமரை நினைத்தபடி நீக்கும் வழி அடைபட்டது. 30ஆம் உறுப்புரையில் அரசாங்கத்தின் தலைவர் என்ற இடம் ஜனாதிபதியிடமே இருந்தது.

அடுத்தது 'முதல் ஜனாதிபதி' என்ற சொல். ஜே.ஆர். முதல் நிறைவேற்று ஜனாதிபதி. முதல் ஜனாதிபதி வில்லியம் கோபல்லாவ. 1972 மே 22இல் நாடு குடியரசானபோது, அதுவரை பிரித்தானிய முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதியாக இருந்த அவரே ஜனாதிபதியானார். அவர் அரசின் தலைவர் மட்டும்தான். அரசாங்கம் பிரதமர் சிறிமாவோவிடம் இருந்தது. 'அரசு', 'அரசாங்கம்' இரண்டையும் பேச்சில் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். இந்தப் பாடத்தில் மட்டும் அந்தத் தாராளம் கூடாது.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் 'இலங்கை அதிபர்' என்று எழுதுவார்கள். அங்கே அது சரியான வழக்கு. நம் பிள்ளைகளுக்கோ அதிபர் என்றால் பள்ளிக்கூடத்தின் தலைவர், அரசாங்க அதிபர் என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருப்பவர். இலங்கை வாசகருக்கு எழுதினால் ஜனாதிபதி என்றே எழுதுங்கள். அதேபோல் மகாதேசாதிபதியை 'ஆளுநர்' என்று மாற்ற வேண்டாம். இன்றைக்கு ஆளுநர் என்றால் மாகாண ஆளுநர்தான் நினைவுக்கு வருவார்.

வரிசையில் நடக்கும் பிழைகளில் எனக்கு அதிகம் கண்ணில் படுவது 1959–60. கணவர் கொல்லப்பட்டதும் சிறிமாவோ பிரதமரானார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் பத்து மாதம் இருக்கிறது. செப்டெம்பர் 25 அன்று வீட்டில் சுடப்பட்ட எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க மறுநாள் இறந்தார். அடுத்து வந்தவர் விஜயானந்த தகநாயக்க. 1960 மார்ச் தேர்தலுக்குப் பின் டட்லி சேனநாயக்க வந்தார், ஒரு மாதத்திலேயே, அரசாங்கத்தின் கொள்கையைச் சொல்லும் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் தோற்றார். ஜூலைத் தேர்தலுக்குப் பிறகுதான் சிறிமாவோ, அதுவும் மக்கள் பிரதிநிதியாக அல்ல, நாடாளுமன்றத்தின் மேலவையான மூதவையின் உறுப்பினராக இருந்து. தகநாயக்கவும் டட்லியின் அந்த நான்கு மாதமும் பட்டியலில் இருந்து விழுந்தால், டட்லி மூன்று முறை பிரதமர் என்ற கணக்கு இரண்டாகிவிடும்.

குடும்பப் பெயரை மட்டும் எழுதுவதால் வரும் குழப்பம் இன்னொன்று. 1953இல் மானிய அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறி, ஹர்த்தால் வெடித்து, பிரதமர் சேனநாயக்க பதவி விலகினார். எந்தச் சேனநாயக்க? மகன் டட்லி. தந்தை டி.எஸ். 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து, மறுநாள் இறந்துவிட்டார். அப்புறம் ஒப்பந்தங்கள். 1957இல் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துடன் உடன்பட்டவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, 1965இல் உடன்பட்டவர் டட்லி. இடையில் 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் கையெழுத்திட்டவர் சிறிமாவோ.

இந்த மூன்றாவதில் பெயர் மாறினால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் டி.எஸ். காலத்தது. அது நாடற்றவர்களாக்கிய இந்திய வம்சாவளி மலையக மக்களைத்தான் 1964இல் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். இரண்டும் இரு வேறு கட்சிகளின் அரசாங்கங்கள். ஒருவர் பெயரில் எல்லாவற்றையும் எழுதினால் மற்றவர் தப்பிவிடுகிறார்.

எல்லா ஜனாதிபதியும் மக்கள் வாக்கில் வந்தவர்கள் என்று எழுதுவதும் பிழை. ஜே.ஆர். 1978இல் யாப்புத் திருத்தத்தால் வந்தார்; முதல் ஜனாதிபதித் தேர்தல் 1982இல்தான் நடந்தது. 1993 மே தினத்தில் பிரேமதாச கொல்லப்பட்ட பின் விஜேதுங்கவையும், 2022இல் கோட்டாபய விலகிய பின் ரணிலையும் நாடாளுமன்றம் தெரிவு செய்தது. ரணிலுக்கு அன்று விழுந்தது 134 வாக்குகள்.

கொப்பியைத் திருத்த எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. கோட்டுக்கு மேலே ஏழு பேர். கீழே ஜே.ஆர்., பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா, மகிந்த, மைத்திரிபால, கோட்டாபய, ரணில், அநுர குமார திசாநாயக்க என்று ஒன்பது பேர். ஜே.ஆரை ஒருமுறை கழித்தால் மொத்தம் பதினைந்து. பிரதமர்களைத் தனியாக எண்ணினால் ஹரிணியோடு பதினாறு பேர். அந்தப் பட்டியலையும் அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் 'பிரதமர்கள்' என்று மாற்றி, 2018 ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான ஏழு வாரத்துக்குப் பக்கத்தில், ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்த சர்ச்சைக் காலம் என்று சின்னதாக எழுதி வைத்தோம்.