அப்ரூவல் மனையா? படத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள்

பாலக்கோடு ரோட்டில் ஒரு மனைப்பிரிவு. என் அக்கா வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தில் அங்கே 1200 சதுரடி பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் “ஒரு எட்டு வந்து பார்த்துடு மாப்ள” என்று என்னைக் கூட்டிப்போனார். வாசலில் வளைவு, இரண்டு பக்கமும் செடி, “டி.டி.சி.பி. அப்ரூவ்டு”, அதாவது நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி பெற்றது, என்று ஆளுயர எழுத்தில் போர்டு. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் வேண்டும் என்று புரோக்கரிடம் கேட்டேன். ஆபீசில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். மூன்று நாள் விடாமல் கேட்ட பிறகு வந்தது. படத்தில் மனைகள் 1 முதல் 46 வரை. மாமாவுக்குப் பேசியிருந்த மனையின் எண் 48.

படத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் நின்றோம். 46-க்கு அடுத்து கோடு போட்டு “பூங்கா” என்று எழுதியிருந்த இடத்தில், சிவப்பு பெயின்டில் 47, 48 என்று எழுதிய கற்கள் நட்டிருந்தன. அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி இருந்தது உண்மைதான். 48-க்குத்தான் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மனை வாங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். “அப்ரூவல் இருக்கா?” என்று கேட்கிறார்கள், “இருக்கு” என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அனுமதி என்பது ஒரு வரைபடத்துக்குக் கொடுக்கப்படுவது. எத்தனை மனை, ஒவ்வொன்றும் எத்தனை அடி, ரோடு எத்தனை மீட்டர், பூங்கா எங்கே என்று அந்தப் படத்தில் இருக்கிறபடிதான் அனுமதி. படத்தில் இல்லாத எதற்கும் அனுமதி கிடையாது.

அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம், 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஆகியவற்றின்படி நகர் ஊரமைப்பு அலுவலகம், அதாவது நாம் சொல்கிற டி.டி.சி.பி., முதலில் படத்துக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறது. பிறகு நில உரிமையாளர், சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் நகராட்சியோ மாநகராட்சியோ ஊராட்சியோ இறுதி அனுமதி தருகிறது. ஆக மொத்தம் மூன்று தாள்: ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள படம், தானப் பத்திரம், உள்ளாட்சியின் இறுதி அனுமதி. முதல் தாளை மட்டும் காட்டி மனை விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றையும் கேளுங்கள்.

பூங்காவுக்கும் கணக்கு இருக்கிறது. இடம் 3000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதாவது சுமார் 74 சென்ட்டுக்கு மேல் போனால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வழி உண்டு. அதைத் தாண்டினால், நம்ம கணக்கில் சுமார் இரண்டு ஏக்கர் 47 சென்ட்டுக்கு மேல், இடமாகத்தான் கொடுக்க வேண்டும். காவேரிப்பட்டணம் பக்கம் நான்கு ஏக்கர் மாந்தோப்பை வெட்டி மனை போட்டிருக்கிறார்கள், ஆனால் பூங்காவே கண்ணில் படவில்லை என்றால், அது எங்கே போனது என்று கேட்காமல் வரக்கூடாது. அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், அலைய வேண்டியதில்லை.

போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். படத்தில் 9 மீட்டர் ரோடு என்றால் தரையில் ஏறக்குறைய 29.5 அடி இருக்க வேண்டும். வாசலில் அளந்தால் சரியாகத்தான் இருக்கும். கடைசி வளைவில் அளந்து பாருங்கள்.

“பத்திரம் பதிவாகுதே, அப்புறம் என்ன?”

நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யத் தடை போட்டதும், கட்டிய வீட்டை விற்க முடியாமல்கூட மக்கள் தவித்ததும் நினைவிருக்கும். அடுத்து வந்த ஏற்பாட்டின்படி, புதிதாகப் பிரிக்கும் அங்கீகாரமில்லாத மனையைப் பதிய முடியாது. ஆனால் முன்பே மனையாக ஒருமுறை பதிவான இடத்தை மறுபடி பதியலாம். அதனால் இன்றைக்கு உங்கள் பெயரில் பத்திரம் பதிவாகிறது என்பதாலேயே அந்த மனைக்கு அனுமதி இருப்பதாக ஆகிவிடாது. வீடு கட்ட வரைபட அனுமதி கேட்கும்போது அல்லது வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

20.10.2016-க்கு முன் உருவாகி, மனை விற்றிருந்த பழைய பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அப்படிப்பட்ட மனை என்றால் வரன்முறை ஆணையை வாங்கிப் பாருங்கள். மனைப்பிரிவுக்குத் தனி ஆணை, உங்கள் மனைக்குத் தனி ஆணை என்று இரண்டு உண்டு. “லேஅவுட்டுக்கு ஆயிடுச்சு, மனைக்கு நீங்க கட்டிக்கணும்” என்றால், அந்தக் கட்டணம் எவ்வளவு என்று விலை பேசும்போதே கணக்கில் சேருங்கள். “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று ஊராட்சித் தலைவர் முத்திரை மட்டும் உள்ள பழைய படத்தைக் காட்டினால், அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

“ரெராவுக்கு அப்ளை பண்ணியாச்சு, இப்ப புக் பண்ணா ரேட் கம்மி”

ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். அங்கே அப்ளை செய்தது பதிவு ஆகாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு எண் கிடைக்கும் முன் விளம்பரம் செய்வதும் புக்கிங் வாங்குவதும் தவறு. திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. எங்கள் மாமா கொடுத்தது 30 சதவீதம், அதுவும் ரொக்கமாக. ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. அதைத் திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தோம். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூரு புரோக்கர்கள் ‘சைட்’, ‘ஏ கட்டா’, ‘பி கட்டா’, ‘டி.சி. கன்வர்ஷன்’ என்று பேசுவார்கள். கட்டா என்பது அங்கே உள்ளாட்சியின் சொத்துப் பதிவு, கன்வர்ஷன் என்பது விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் உத்தரவு. இதெல்லாம் கர்நாடக நில நடைமுறை. எல்லைக்கு இந்தப் பக்கம் கட்டாவும் கிடையாது, அந்த கன்வர்ஷனும் கிடையாது. அதைவிட, ‘டி.சி.’ என்ற சொல்லில் ஒரு ஆபத்து இருக்கிறது. அங்கே அது மாவட்ட ஆட்சியருக்குச் சமமான அதிகாரியைக் குறிக்கிறது. நம்ம பக்கம் ‘டி.சி. நிலம்’ என்றால் பஞ்சமி நிலம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம், அவர்களிடமே இருக்க வேண்டியது. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது, வாங்கவும் கூடாது. ஒரு தலைமுறை பட்ட பாட்டுக்குக் கிடைத்த நிலம் அது. கிராம நிலக் கணக்கான ‘ஏ’ பதிவேட்டைப் பாருங்கள், பழைய ஒப்படைப்பு விவரத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

அதே பக்கம் ‘ஃபார்ம் லேண்ட்’ வியாபாரமும் நடக்கிறது. 20 சென்ட், 25 சென்ட் என்று துண்டு போட்டு, கம்பி வேலி கட்டி, பத்து மாங்கன்று நட்டு, “வீக்எண்டு வீடு கட்டிக்கலாம் சார்” என்பார்கள். பத்திரத்தைப் படித்தால் விவசாய நிலம் என்றுதான் இருக்கும். மனைப்பிரிவு அனுமதி கிடையாது, போகிற பாதையும் உள்ளாட்சிக்குக் கொடுத்த ரோடு கிடையாது, யாரோ ஒருவருடைய பட்டாவில் போகும் வண்டித்தடம். நாளைக்கு அவர் வாரிசு குறுக்கே கல் நட்டால் கேஸ்தான். விவசாயம் செய்ய வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். வீடு கட்ட என்றால் வேண்டாம். ஜவளகிரி, தளி, சானமாவு காட்டோரங்களில் இன்னொன்றும் உண்டு. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டம் வரும் வழி எது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்த வழியில் வீடு வேண்டாம்.

ஓடையைப் பற்றி நம்ம ஊரில் யாரும் கவலைப்படுவதில்லை, வருஷத்தில் பதினோரு மாதம் காய்ந்தே கிடப்பதால். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், நிறுத்தியிருந்த வண்டிகளை ஏரித் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள் இனிமேலாவது எஃப்.எம்.பி., அதாவது நில அளவைப் புலப்படம், எடுத்துப் பார்க்க வேண்டும். அரசின் இணையச் சேவைத் தளத்தில் சர்வே எண் கொடுத்தால் புலப்படம் வந்துவிடும். ஓடையும் வாய்க்காலும் எங்கே போகின்றன என்று அதில் பார்த்துவிட்டு, மனைப்பிரிவுப் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். எஃப்.எம்.பி.யில் இருக்கிற ஓடை மனைப்படத்தில் சாலையாகவோ மனையாகவோ மாறியிருந்தால் கிளம்பி வந்துவிடலாம்.

தண்ணீர் விஷயத்தில் “போர் போட்டுக்கலாம்” என்பது இங்கே செல்லாத பேச்சு. நம்ம இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக்கறை படிந்த பிள்ளைகள், முட்டி மடக்க முடியாத பெரியவர்கள் என்று ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறோம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டதே இதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கிற தண்ணீரைக் குடிக்கக்கூடாது. மனைப்பிரிவின் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஒகேனக்கல் குழாய் எந்தத் தெருவரை வந்திருக்கிறது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

ஓசூருக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததிலிருந்து எல்லா நோட்டீசிலும் விமானப் படம். வரட்டும், நல்லதுதான். ஆனால் விமான நிலையத்துக்கும் நான்குவழிச் சாலைக்கும் நிலம் எடுப்பார்கள். நீங்கள் வாங்கும் சர்வே எண் அந்த எடுப்பில் வருகிறதா என்று பார்க்காமல் “பக்கத்துல ஏர்போர்ட்” என்று வாங்குவது தவறு.

நிலம் கொடுக்கிற விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. புரோமோட்டருக்குப் பொது அதிகாரம், அதாவது பவர், எழுதிக் கொடுத்துவிட்டு ‘இனி அவர் பாடு’ என்று இருந்துவிடாதீர்கள். மனை வாங்கியவர் வழக்குப் போட்டால் நிலத்துக்காரரையும் இழுப்பார்கள். எந்தப் படத்துக்கு அனுமதி வந்ததோ அதன் நகல் ஒன்று உங்கள் பெட்டியிலும் இருக்கட்டும்.

மாமாவுக்குப் பணம் கடைசியில் நான்கு தவணையில் வந்தது. போன மாதம் அந்த வழியாகப் போனபோது 48-ஆம் கல்லைச் சுற்றி கம்பி வேலி போட்டிருந்தது, ஓரத்தில் ஒரு லோடு செங்கல் இறங்கியிருந்தது. அனுமதிப் படத்தின் நகலை இணைத்து, பூங்கா இடம் உள்ளாட்சிக்குச் சொந்தமானது என்று திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த 46 மனைக்காரர்களில் இதுவரை ஒன்பது பேர் எங்களோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.