பங்காளி ரத்தமானாலும் பையைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், கோவில் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அன்றே செய்தி வரும்: "ஓ பாசிட்டிவ் ரெண்டு யூனிட் வேணும், நம்ம ஆளுகளா இருந்தா நல்லது." ரத்தத்தில் பரவும் வைரஸுக்கு நம்ம ஆள், வேற்று ஆள் தெரியாது. பச்சை குத்தும் ஊசியிலும் தொற்று வரலாம்; ஆனால் போன மாதம் குத்திக்கொண்ட மருமகன், பக்கத்தில் மாமனார் நிற்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். அதனால் ரத்தம் கொடுக்குமுன் தரும் கேள்வித்தாளை நிரப்பும்போது கொடையாளரைத் தனியே விடுங்கள். கூடப் போய் நிற்காதீர்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல், தவறாமல் கொடுத்து வருபவரின் ரத்தமே மேல்.

அப்பா, பிள்ளை, உடன்பிறந்தாரின் ரத்தத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதிலுள்ள வெள்ளணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கக்கூடும். அரிதுதான், ஆனால் உயிரைக் குடிக்கும். அதைத் தடுக்கத்தான் பைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது. அது வைரஸைக் கொல்லாது.

இந்தியாவில் எல்லா ரத்தப் பைகளுக்கும் ஐந்து சோதனைகள் கட்டாயம்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. பிறகும் ஏன் ஆபத்து? தொற்று வந்த புதிதில் சோதனைக்கு எதுவும் அகப்படாத நாட்கள் உண்டு. வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் எலிசா சோதனைக்கு எச்.ஐ.வி.யில் சுமார் 3 வாரம், ஹெபடைடிஸ் சி-யில் 2 மாதத்துக்கு மேலும் ஆகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை எச்.ஐ.வி.யை 11 நாளுக்குள், ஹெபடைடிஸ் சி-யை ஒரு வாரம் போலக் கண்டுபிடிக்கும். நாட் கட்டாயமில்லை, எனவே ரத்த வங்கியில் "நாட் பண்ணின பை இருக்கா?" என்று வாய்திறந்து கேட்க வேண்டும். சோதனையிலோ பதிவேட்டிலோ ஆள் சறுக்கவும் சறுக்கலாம்: 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தது.

பை வந்ததும் லேபிளைப் படியுங்கள். யூனிட் எண், குரூப், எடுத்த தேதி, காலாவதி, ஐந்து சோதனைக்கும் 'நான் ரியாக்டிவ்' என்ற குறிப்பு. செல்போனில் ஒரு படம் எடுத்து, யூனிட் எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து ஏதாவது தெரிந்தால் கொடையாளரைத் தேடிப் பிடிக்க அந்த எண்தான் வழி.

(மதுரையிலிருந்து கார் வைத்துக் கொண்டுவருபவர்களுக்கு: சிவப்பணுப் பையில் ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்தால் அணுக்கள் உடையும். தட்டணு (பிளேட்லெட்) பையை ஐஸ் பெட்டியில் வைக்கவே கூடாது.)

ரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்துகள் வேறு கதை. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய்க்கான ஃபேக்டர் 8, ஆர்.எச். நெகட்டிவ் தாய்மாருக்கான ஆன்டி-டி, இம்யூனோகுளோபுலின் எல்லாம் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து எடுப்பவை. 1980-களில் ஃபேக்டர் மருந்தால் உலகெங்கும் ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு எச்.ஐ.வி. பரவியது இப்படித்தான். இன்று சால்வென்ட்-டிடர்ஜென்ட் முறை, வைரஸின் கொழுப்பு உறையைக் கரைத்து எச்.ஐ.வி., பி, சி மூன்றையும் செயலிழக்கச் செய்கிறது. உறையே இல்லாத ஹெபடைடிஸ் ஏ, பார்வோ பி19 வைரஸ்கள் அதற்கு மசியாது. அடிக்கடி ஃபேக்டர் போடுபவர்கள் பெட்டியில் ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணை நோட்டில் ஏற்றி வரவேண்டும். மனித பிளாஸ்மாவிலிருந்து எடுக்காமல் மரபணு முறையில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஃபேக்டர் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

மூன்று வைரஸில் ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு: 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். ஹீமோஃபிலியாவில் தசையில் போடாமல் தோலுக்கடியில் போடச் சொல்லுங்கள்.

தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் போன்றவற்றுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது எச்.ஐ.வி., பி, சி மூன்று வைரஸுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். சி வந்திருந்தால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும். ஒரு குழப்பம் மட்டும் வரும்: ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட சில நாட்களுக்குள் சோதனைக்கு ரத்தம் கொடுத்தால் அந்த ஊசி மருந்தே 'பாசிட்டிவ்' காட்டலாம். மாதம் ஒன்று கழித்துச் சோதியுங்கள்.