முன்னால் நிற்கும் பூச்சியத்தை விட்டுவிடாதீர்கள்

1ஐ 17ஆல் வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பின்னால் 0588235294117647 என்று 16 இலக்கங்கள் வரும், அப்புறம் அதே வரிசை திரும்பத் திரும்ப ஓடும். இந்த எண்ணை 2ஆல் பெருக்கினால் 1176470588235294, 3ஆல் பெருக்கினால் 1764705882352941. 16 வரைக்கும் எதனால் பெருக்கினாலும் அதே இலக்கங்கள்தான், தொடங்கும் இடம் மட்டும் மாறும். எனக்கு மிகவும் பிடித்த எண் இது. ஹட்டனில் பின்னேர வகுப்புக்கு வரும் தரம் 10 பிள்ளைகளிடம் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது "சேர், பிழைக்குதே" என்று கொப்பியோடு வந்து நிற்பார்கள்.

பெரும்பாலும் அந்தப் பூச்சியம்தான் காரணம். முன்னால் நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லையே என்று விட்டுவிட்டால் 15 இலக்கம்தான் மிஞ்சும், சுழற்சி குழம்பிவிடும். இங்கே அதுவும் ஓர் இலக்கம்.

எக்செலையும் நம்ப வேண்டாம். அது 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 1176470588235294 என்று அடித்தால் கடைசி 4 பூச்சியமாகிவிடும். கையால் பெருக்குங்கள்.

"முதன்மை எண் எல்லாமே இப்படித்தான்" என்று நினைப்பது இன்னும் பெரிய பிழை. 13ஐ எடுங்கள்: 076923 வரும், 3ஆல் பெருக்கினால் 230769, சரி, சுழல்கிறது, ஆனால் 2ஆல் பெருக்கினால் 153846, இலக்கங்களே வேறு. ஏன் என்பது மழைக்குக் கரண்ட் போன ஒரு நாள், மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாரும் நெடும் வகுத்தல் செய்தபோதுதான் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரிந்தது. ஈவை விட்டுவிட்டு மீதிகளைப் பாருங்கள். 17ஆல் வகுக்கும்போது 1, 10, 15, 14, 4, 6, 9, 5, 16, 7, 2, 3, 13, 11, 8, 12 என்று 1 முதல் 16 வரை ஒன்று விடாமல் வந்துவிட்டுத்தான் மறுபடி 1 வருகிறது. 2ஆல் பெருக்குவது என்றால் மீதி 2 நிற்கும் இடத்திலிருந்து வகுக்கத் தொடங்குவது, அவ்வளவுதான். 13க்கு 1, 10, 9, 12, 3, 4 என்று ஆறு மீதியோடு வட்டம் மூடிவிடும், அதில் 2 இல்லை.

17ஆல் பெருக்கிவிட்டு சுழற்சியைத் தேடாதீர்கள், பதினாறு 9தான் வரும். 18ஆல் பெருக்கினால் 10588235294117646. முதல் 1ஐ எடுத்துக் கடைசியில் கூட்டுங்கள், பழைய எண் திரும்பி வந்துவிடும்!

நூறுக்குள் 17 போல நடப்பவை 7, 17, 19, 23, 29, 47, 59, 61, 97 என்ற ஒன்பதுதான். இவை முடிவில்லாமல் போகும் என்று உறுதியாக எழுதிவிடாதீர்கள். கணிதவியலாளர் எமில் ஆர்ட்டின் 1927இல் முன்வைத்த ஊகத்தின்படி முடிவில்லாமல்தான் இருக்க வேண்டும், ஆனால் அதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை.