ஆங்கிலத்து 'கெட்': அடுத்த சொல்லைப் பிடித்தால் போதும்

சுற்றுலா சீசன் தொடங்கிவிட்டால் திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓட்டோ ஓடுகிறவர், கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறவர், படகு விடுகிறவர் எல்லோர் காதிலும் நாள் முழுக்க விழுகிற ஆங்கிலச் சொல் 'கெட்', நடந்து முடிந்ததற்கு 'கொட்'. அகராதியைத் திறந்தால் கிடைத்தல், வாங்குதல், ஆதல், போய்ச் சேருதல், ஏறுதல், இறங்குதல், விளங்குதல் என்று நீண்டுகொண்டே போகும். அதைப் பாடமாக்க வெளிக்கிட்டால் சீசனே முடிந்துவிடும். 'கெட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள், பொருள் அங்கேதான் இருக்கிறது.

படி 1: அடுத்து ஒரு பொருள் வந்தால்

'ஐ கொட் எ லெட்டர்', கடிதம் கிடைத்தது. 'ஐ கொட் சம் ஃபிஷ்', மீன் வாங்கினேன். 'கேன் யூ கெட் மீ எ டவல்?' என்று விருந்தினர் கேட்டால் துவாய் ஒன்று எடுத்துவந்து தரச் சொல்கிறார். மூன்றிலும் கையில் இல்லாத ஒன்று கைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

படி 2: அடுத்து நிலையைச் சொல்லும் சொல் வந்தால்

இங்கே 'கெட்' என்றால் ஆவது. 'த டீ இஸ் கெட்டிங் கோல்ட்', தேத்தண்ணி ஆறுகிறது. 'இட்ஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. 'ஐ கொட் டயர்ட்', களைத்துப்போனேன். தமிழில் ஆறு, இருட்டு, களை என்று ஒற்றை வினை இருப்பதால் ஆங்கிலத்திலும் அப்படி ஒன்றைத் தேடித் திணறுகிறோம், தேட வேண்டாம். 'ஷீ இஸ் மெரிட்' என்றால் ஏற்கெனவே கல்யாணமானவர், 'ஷீ இஸ் கெட்டிங் மெரிட்' என்றால் இனித்தான் கல்யாணம்.

படி 3: அடுத்து இடம் வந்தால்

'ஹவ் டூ ஐ கெட் டு கன்னியா?' வெந்நீரூற்றுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார். ஊர்ப்பெயருக்கு முன் 'டு' வேண்டும். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் வேண்டாம். 'ஐ கொட் ஹோம் அட் சிக்ஸ்.'

படி 4: ஏறுவதும் இறங்குவதும்

இதில் கொஞ்சம் நின்று போவோம், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தேவைப்படுவது இதுதான். பஸ், ரயில், கப்பல் என்றால் 'கெட் ஒன்', இறங்க 'கெட் ஒஃப்'. கார், ஓட்டோ, சின்னப் படகு என்றால் 'கெட் இன்', இறங்க 'கெட் அவுட்'. உள்ளே எழும்பி நடக்கலாமா, குனிந்து ஏறி உட்காரத்தான் முடியுமா என்று பார்த்தால் பெரும்பாலும் சரி வரும். ஆகவே புறாத்தீவுப் படகுக்கு 'கெட் இன்', துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கு 'கெட் ஒன்'. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மேலே உட்காருவதால் 'ஒன்'.

அப்புறம் நம்முடைய 'கெட் டவுன்'. பஸ்ஸால் இறங்குவதையும் அப்படிச் சொல்கிறோம், கொழும்பிலிருந்து சாமான் எடுப்பிப்பதையும் அப்படியே சொல்கிறோம். இலங்கை ஆங்கிலத்தில் அது பழகிப்போன பேச்சு, என் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரரிடம் 'ஐ கொட் டவுன் எ ஃப்ரிட்ஜ்' என்றால் உயரத்திலிருந்து இறக்கினீர்களா என்று யோசிப்பார். அவர்களிடம் பஸ்ஸுக்கு 'கெட் ஒஃப்', சாமானுக்கு 'ஓர்டர்' போதும்.

படி 5: பிறரைக் கொண்டு செய்வித்தால்

செய்தேன், செய்வித்தேன் என்ற வித்தியாசம் நமக்குத் தெரிந்ததுதான், ஆங்கிலத்தில் அந்த வேலையை 'கெட்' பார்க்கும். 'ஐ கொட் மை பைக் ரிப்பெயர்ட்' என்றால் கடையில் கொடுத்துத் திருத்துவித்தேன். 'ஐ ரிப்பெயர்ட் மை பைக்' என்றால் நீங்களே ஸ்பானரைப் பிடித்ததாக ஆகிவிடும். சலூனுக்குப் போய் வந்து 'ஐ கட் மை ஹெயார்' என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், 'ஐ கொட் மை ஹெயார் கட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஆளைச் சொன்னால் 'டு' சேரும்: 'ஐ கொட் மை ப்ரதர் டு ட்ரைவ்', தம்பியைக் கொண்டு ஓட்டுவித்தேன்.

படி 6: மிச்சம்

சிலவற்றை அப்படியே பாடமாக்கத்தான் வேண்டும். 'ஐ டோன்ட் கெட் இட்', விளங்கவில்லை. 'கெட் அப்', எழும்புதல். 'கெட் ஓவர்', காய்ச்சல் போன்றவற்றிலிருந்து தேறுதல். 'கெட் எலோங்', ஒத்துப்போதல். அமெரிக்கர் 'கொட்டன்' என்றால் திகைக்க வேண்டாம், அது 'கொட்'டின் பழைய வடிவம். எல்லோரும் சொல்கிற 'ஃபொகொட்டன்' என்பதில் அதே வால் இன்னும் ஒட்டியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது மட்டும் 'கெட்'டைக் குறைத்து 'ரிசீவ்', 'பிகம்' என்று போடுங்கள்.

இனி ஒரு பயிற்சி: 'ஐ கொட் அப் லேட், கொட் எ பஸ் டு நிலாவெளி, பட் வென் ஐ கொட் தேர் த பீச் வோஸ் கெட்டிங் க்ரவுடட்.' நான்கு இடத்திலும் அடுத்த சொல்லைப் பார்த்துப் பொருளைச் சொல்லிப்பாருங்கள். பிந்தி எழும்பினேன், பஸ் பிடித்தேன், போய்ச் சேர்ந்தபோது கடற்கரையில் சனம் கூடிக்கொண்டிருந்தது என்று வந்தால் சரி.