பத்திரிகை மார்க்கை மூடி வைத்துவிட்டு நம்ம ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்

போன மாதம் தங்கை மகன் ஒரு கார் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். ஐந்து சின்ன எஸ்யூவிகளை ஒப்பிட்டு, ஹேண்ட்லிங்கில், அதாவது வளைவிலும் திருப்பத்திலும் வண்டி சொன்னபடி கேட்பதில், எது முதல், எது கடைசி என்று மார்க் போட்டிருந்தார்கள். "மாமா, ஃபர்ஸ்ட் வந்ததையே புக் பண்ணிடட்டா?" என்றான். ரெண்டு வாரம் பொறு மக்கா என்றேன்.

2016-ல் நானும் அப்படி ஒரு பட்டியலை நம்பித்தான் வண்டி எடுத்தேன். நம்ம குமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு முதல்முறை போனபோது அம்மா பின் சீட்டில் இருந்தார்கள். வளைவுக்கு நடுவே தார் ஒட்டுப் போட்ட ஒரு இடத்தில் பின்பக்கம் துள்ளி, ஒரு சாண் வெளியே நகர்ந்தது. வேகம் 40-தான். முன் சீட்டைப் பிடித்த கையை அம்மா வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு வண்டி பார்க்கிறவர்களிடம் எல்லாம் நான் சொல்லும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மார்க்கைப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்கிட்பேட் என்று ஒரு சோதனை உண்டு. வட்டமான தளத்தில் வண்டியைச் சுற்றவிட்டு, டயர் வழுக்கும் எல்லைவரை வேகத்தைக் கூட்டி, பக்கவாட்டு விசையை ஜி கணக்கில் சொல்வார்கள். 1 ஜி என்றால் வண்டியின் எடை அளவுக்கு விசை. 300 அடி விட்டமுள்ள வட்டம் என்று வையுங்கள். ஒரு வண்டி 0.85 ஜி, இன்னொன்று 0.87 ஜி. காகிதத்தில் ஒன்று முந்திவிட்டது. வேகமாக மாற்றிப் பார்த்தால் முதலாவது மணிக்கு 70.3 கிலோமீட்டர், இரண்டாவது 71.1. ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. இந்த எண்ணில் பெரும்பங்கு டயருடையது. வேறு டயர் போட்டால் வரிசையே மாறிவிடும். ரேஸ் டிராக்கில் சுற்று நேரம் எடுத்திருந்தால் அதில் இன்ஜின் பலமும் கலந்திருக்கிறது. வளைவில் சுமாராக நிற்கும் வண்டிகூட நேர்கோட்டில் பாய்ந்து நேரத்தைக் குறைத்துவிடும்.

அடுத்து, எந்த வேரியன்ட்டை ஓட்டினார்கள் என்று பாருங்கள். சோதனைக்குப் பெரும்பாலும் டாப் மாடல்தான் வரும், 16 அல்லது 17 இஞ்ச் அலாய் வீலோடு. நாம் வாங்குவது நடுத்தர மாடல், டயர் அளவே வேறாக இருக்கும். அந்த மார்க் நாம் வாங்கும் வண்டிக்கு விழுந்தது இல்லை. வண்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் தேடுங்கள். நம் வீட்டு வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் தேங்காய் மூட்டை.

பத்திரிகைச் சோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. 1997-ல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, குறுக்கே மிருகம் வந்தால் சட்டென்று ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனையில் புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்துக் காட்டியது. கம்பெனி விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து, ஈ.எஸ்.பி. என்ற நிலைப்படுத்தும் கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் சேர்த்தது. எத்தனையோ உயிர்களுக்கு அது நன்மை. இப்படிக் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனையை நான் மதிக்கிறேன். 8.5-க்கும் 8.7-க்கும் நடுவில் வெற்றியாளரை அறிவிக்கும் பட்டியலைத்தான் நம்புவதில்லை.

சரி, நாமே பார்ப்பது எப்படி?

ஷோரூமில் கேட்டால் நாகர்கோவிலுக்குள் மூன்று நாலு கிலோமீட்டர் சுற்றிக் காட்டுவார்கள். அது போதாது. வண்டியை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், விடாமல் கேட்டால் அனுப்புவார்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு வண்டியும் ஒரே நாளில் வருவது மிக முக்கியம். நேற்று வெயிலில் ஒன்று, இன்று மழையில் ஒன்று என்று ஓட்டினால் மழையைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள்.

ஏறுவதற்கு முன் டயரைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் பெரும்பாலும் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருக்கும்போது எவ்வளவு காற்று, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். டயர் சூடாவதற்கு முன்பே அந்த அளவுக்கு அடித்துவிடுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டிகளில் நான் பார்த்தவரை காற்று சரியாக இருப்பதே அபூர்வம். அப்புறம் வீட்டு ஆட்களை ஏற்றுங்கள். தனியாக ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

பாதை என்னுடையது இது: குலசேகரம், திற்பரப்பு, திரும்பி வந்து பேச்சிப்பாறை அணை வரை. காலை ஆறரைக்குக் கிளம்புவேன். ரப்பர் விளைகளுக்குப் பால் வெட்டப் போகிறவர்கள் சைக்கிளிலும் பைக்கிலும் வருவார்கள், அதனால் எங்கேயும் 40-ஐத் தாண்டுவதில்லை. வண்டியை வழுக்க வைத்துப் பார்ப்பது பொது ரோட்டில் செய்யும் வேலையே இல்லை. நமக்கு வேண்டியதெல்லாம் 30, 40-லேயே தெரிந்துவிடும்.

நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் அசையுங்கள். மூக்கு உடனே திரும்புகிறதா, சும்மா இருந்துவிட்டுப் பிறகு திரும்புகிறதா? பிறகு வளைவில் இருக்கும் பள்ளத்தைத் தேடிப் போங்கள். நம் மாவட்டத்தில் தேடவே வேண்டாம், டாரஸ் லாரி ஓடி ஓடித் தார் அலை அலையாகக் கிடக்கிறது. வளைவுக்கு நடுவே ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருந்ததா? பின்பக்கம் பக்கவாட்டில் நகர்ந்ததா? சின்ன வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரம் இரண்டையும் ஒரே பீம் இணைத்திருக்கும். ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கமும் கொஞ்சம் அசையும். அதே அமைப்பிலும் அந்த அசைவை நன்றாக அடக்கியிருக்கிற வண்டிகள் உண்டு. என் அம்மாவைப் பயமுறுத்தியது அடக்காத வண்டி. வேகத்தடையைத் தாண்டியதும் வண்டியின் உடம்பு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடுகிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவையில் அடங்கினால் நல்லது. மூன்று தடவை ஆடினால் அந்தச் சுமையோடு ஆட்டத்தை அடக்க சஸ்பென்ஷனால் முடியவில்லை என்று அர்த்தம்.

பாதி வழியில் நீங்கள் பின் சீட்டுக்கு மாறுங்கள். இதை யாரும் செய்வதில்லை. ஓட்டுகிறவருக்கு ஸ்டீயரிங் பிடியாக இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்தால்தான் வண்டி உண்மையைச் சொல்லும்.

முதல் வண்டி, இரண்டாம் வண்டி, மறுபடி முதல் வண்டி என்ற வரிசையில் ஓட்டுங்கள். முதல் சுற்றில் நமக்கே கை பழகியிருக்காது. மூன்றாவது சுற்றில் அபிப்பிராயம் மாறினால் அந்த வித்தியாசம் பெரிதே இல்லை என்று அர்த்தம். இறங்கியதும் நோட்டில் எழுதிவிட வேண்டும், பத்திரிகையைத் திரும்பத் திறப்பதற்கு முன்பே.

அப்புறம் காற்று. உயரமான வண்டி எடுப்பவர்கள் இதை விடவே கூடாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளை மட்டும் சுற்றுவதில்லை, வண்டியையும் தள்ளும். நாற்கர சாலையில் 60-ல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போங்கள். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் அந்த நொடியில் பக்கத்தில் ஒரு அடி விழும். எவ்வளவு திருத்த வேண்டியிருந்தது, திருத்தியதும் வண்டி நேரானதா, இல்லை மறுபக்கம் இழுத்ததா என்று கவனியுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைவில் பயமாக இருக்கிறது என்று வண்டியை மாற்றுவதற்கு முன் டயர் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2317 என்றால் 2017-ம் ஆண்டு 23-ம் வாரம் செய்தது. ரப்பர் வயதானால் இறுகிவிடும், ஈர ரோட்டில் பிடிக்காது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையில் உள்ள ரப்பர், அதாவது லோயர் ஆர்ம் புஷ், அதையும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். டயர், புஷ் இரண்டையும் மாற்றிய பிறகு என் பழைய வண்டியை விற்கவே மனசு வரவில்லை.

தங்கை மகன் இரண்டு வண்டியைப் பேச்சிப்பாறை வரை ஓட்டிவிட்டான். அவன் நோட்டில் முன்னால் இருப்பது பத்திரிகையில் நாலாவதாக வந்தது. இன்னும் புக் பண்ணவில்லை. ஆடிக் காற்று பிடிக்கட்டும், முப்பந்தல் வரை ஒரு தடவை போய்விட்டு முடிவு பண்ணுகிறேன் என்றிருக்கிறான். அன்றைக்குப் பின் சீட்டில் நான் உட்காருகிறேன்.